இரண்டு மடங்கு வேகத்தில் தம்பி

அவள் தொழில் பல் செய்வது. பிடுங்குவது, அடைப்பது, வாயைத் திறந்து வைத்துக் கேள்வி கேட்பது எல்லாம் டாக்டர்கள் பாடு. அவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, சூளையில் சுட்டு, ராவி, மெருகேற்றி, பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவது இவள் பாடு. வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் நீள மேசை. மேசை முழுக்க வெள்ளை வெளேரென்று தாடைகள். புதிதாக அந்த அறைக்குள் வருகிறவர்கள் தங்களை அறியாமலே வாயை மூடிக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் அவளுக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை. ஒரு தாடையைக் கையில் எடுத்தால் போதும், ஆள் பேர் தெரியாது, முகம் தெரியாது, ஒரு கதையே கட்டிவிடுவாள். இவர் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர். இந்தப் பெண் பேனா மூடியை மென்று தின்கிறவள். இந்த அம்மா வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே மென்று ஒப்பேற்றியவர். எல்லாம் தேய்மானத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்துப் பல் லேசாகச் சாய்ந்திருந்தால் புதுப் பல்லையும் ஒரு சொட்டு சாய்த்துச் செதுக்குவாள். வாடிக்கையாக அச்சு அனுப்புகிற டாக்டரம்மா போன் பண்ணி, "எது அவரோடது, எது நீங்க செஞ்சதுன்னு எனக்கே குழம்பிப்போச்சுங்க" என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது.

பிறகுதான் நேரத்தை மிச்சம்பிடிக்கிற பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் வேறென்ன சொல்வது? ஆர்டர் சேர்ந்துபோய், கழுத்து வலியும் வந்திருந்த நேரத்தில், போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஒரே மாதிரி வேலைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய், கவனத்தைச் சிதற விடாதே, யாரும் உன் நேரத்தில் கை வைக்க இடம் கொடுக்காதே என்றான். கேட்டதும் இவளுக்குப் பொறி தட்டியது. அன்றிலிருந்து ஒரு வாயை எடுத்து ஆரம்பம் முதல் முடிவு வரை செய்கிற பழக்கத்தைக் கைகழுவினாள். பிளாஸ்டருக்கு ஒரு நாள். எல்லா வாய்க்கும் சேர்த்து மெழுகுக்கு ஒரு நாள். ராவுவதற்கு ஒரு நாள். காதில் எப்போதும் இயர்போன். எதைக் கேட்டாலும் இரண்டு மடங்கு வேகம். செய்தி, சமையல் குறிப்பு, கையை ஆட்டுகிறவனுடைய பேச்சு, எல்லாமே வேகம்தான்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற பிழைப்பு என்பதாலோ என்னவோ, மனுஷனுக்கு எதிலும் பதற்றம் கிடையாது. "மேடம், என்னை எந்தக் கிழமையில சேர்த்திருக்கீங்க? மெழுகோடயா, ராவுறதோடயா?" என்று கேட்பார். அவள் இயர்போனைக் கழற்றாமலே முறைப்பாள்.

மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? இன்னொரு டாக்டரிடம் ஆர்டர் பிடித்தாள். அந்த ஆள் போனை எடுத்தாலே "அவசரம்" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் வீட்டில் அவருக்கு அவசர டாக்டர் என்று பேர். அவள் ஓட ஓட வேலையும் கூடவே ஓடிவந்தது. இதில் இன்னொன்று. போன பற்களில் சிலது திரும்பி வர ஆரம்பித்தன. கடி பொருந்தவில்லை, கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, பக்கத்துப் பல்லோடு சேரவில்லை. அவற்றைச் சரிசெய்ய ஒரு நாளை ஒதுக்கினாள். அதற்குப் பேரும் வைத்தாள், திருத்த நாள். தாடைகள் அவளுக்கு யாரையும் ஞாபகப்படுத்துவதை நிறுத்தி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

இனி தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான் பிறந்த வீடு. பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் வேறொரு ஊரில், ஒரு பெரிய கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தான். தனிக்கட்டை. சின்ன வயசிலிருந்தே பேச்சில் இழுவை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி, கூரையைப் பார்த்து, அப்புறம்தான் முடிப்பான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இழுவை என்றே பேர் வைத்திருந்தார்கள். அவன் தினமும் சாயங்காலம் போன் பண்ணி, கிடங்கில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்வான். இவளும் மெழுகைச் செதுக்கிக்கொண்டே "ம்" போடுவாள்.

புது ஏற்பாட்டில் போனுக்கு இடமில்லை. "இனிமே வேலை நேரத்துல கூப்பிடாதடா. சொல்ல வேண்டியதை வாய்ஸா அனுப்பிடு, நான் சேர்த்துவெச்சுக் கேட்டுக்கிறேன்" என்றாள். "சரிக்கா" என்றான். அவன் எதற்குத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்!

அப்படியே அனுப்பினான். இவளும் சொன்னபடி கேட்டாள். மற்ற நாளில் வந்ததையெல்லாம் சேர்த்துவைத்து, ராவுகிற நாளில், மெஷின் கொய்ங் என்று கத்திக்கொண்டிருக்க, இரண்டு மடங்கு வேகத்தில் வரிசையாக ஓடவிடுவாள். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டைவிரல் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிடுவாள். ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் பெருமையாகவே சொன்னாள். "என் தம்பி தேறிட்டான்ங்க. முன்ன மாதிரி இழுக்கிறதே இல்ல. என்ன ஒரு சுறுசுறுப்பு பேச்சுல!"

"அப்படியா?" என்றார் அவர். "நல்ல விஷயம்தான்."

ஒரு ராவுகிற நாளில், உடைந்துபோன ஒரு தாடைக்காகக் கரைத்துவைத்த பிளாஸ்டருக்குள் அந்த இயர்போன் விழுந்தது. அவள் கவனித்து எடுப்பதற்குள் அது இறுகிப்போயிற்று. திட்டிக்கொண்டே போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, தம்பியை ஓடவிட்டு, மெஷினைப் போட்டாள். வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், இவளுக்கும் ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். அவர் வாசற்படியில் கால் வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

மெஷின் நின்றது. போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"யாரு அது, எலியா?" என்றார்.

"தம்பிதான். வேகமா வெச்சிருக்கேன்."

அவர் தட்டை வைத்துவிட்டு நின்று கேட்டார். "சரி, வேகமாத்தான் பேசுறான். ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுறான்?"

அவளும் அப்போதுதான் கேட்டாள். எலிக்குரலில் இரண்டு வார்த்தை. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு வார்த்தை. அந்த ஒன்றுமில்லாத இடத்தையெல்லாம் இத்தனை நாள் மெஷின் சத்தம் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து முதலிலிருந்து வைத்தாள்.

"அக்கா..." என்றது போன். நிஜக் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "சாப்பிட்டேன்." பிறகு சத்தமே இல்லை, எவ்வளவு நேரம் என்றால், போன் அணைந்துவிட்டதா என்று வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அணையவில்லை. மூச்சு கேட்டது. "இன்னிக்கும் வெளியே போகல." மறுபடி மூச்சு. ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்குகிற சத்தம். "உனக்கு வேலை இருக்கும். வெச்சிடுறேன்."

அவள் பின்னோக்கிப் போனாள். முந்தைய வாரத்துக்கு, அதற்கும் முந்தைய மாதத்துக்கு. கரண்ட் வந்தும் மெஷினைப் போடவில்லை. தட்டில் சாப்பாடு ஆறிப்போயிற்று. இருவரும் பிளாஸ்டர் தூசி படிந்த ஸ்டூல்களில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, அவன் எவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னானோ அவ்வளவு நேரம் எடுத்துக் கேட்டார்கள். அதில் ஒன்று இப்படி இருந்தது.

"அக்கா, என்னை நிறுத்திட்டாங்க. கையில ஒரு மெஷின் கட்டிவிட்டாங்க. ஒரு பெட்டி கட்ட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்குமாம். பார்த்துச்சு. நான்... ரொம்ப மெதுவாம்."

அதற்குக் கீழே அவள் கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேலி பண்ணுகிற மனுஷன் கேலி பண்ணாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. "கிளம்பு" என்றார் கடைசியில்.

"நாளைக்கு மெழுகு நாள்" என்றாள்.

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்ன மறுகணம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த வாயை அப்படியே பிளாஸ்டர் போட்டு அடைத்தால் தேவலை என்றிருந்தது. அழுதுவிட்டாள்.

போன் பண்ணினாள். அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வாய்ஸ் வந்தது. "அக்கா... இது உனக்கு வேலை நேரமாச்சே. ஏதாவது அவசரமா?"

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வழி முழுக்க ஒரே பயம்தான். அவன் கதவைத் திறக்காவிட்டால்? திறக்க முடியாத நிலையில் இருந்தால்? அதற்குமேல் யோசிக்க மாட்டேன் என்று ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திறந்தான். தாடி மண்டிப்போயிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லடா."

"அப்புறம் ஏன்..." என்று கூரையைப் பார்த்தான். "வந்திருக்க?"

அறையில் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தான். படுக்கை சுருண்டு கிடந்தது. ஆனால் மூலையில், ரொட்டி வந்த காகிதப் பைகளையெல்லாம் ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கி வைத்திருந்தான். மெதுவாகச் செய்கிறவன் என்று வேலையை விட்டு அனுப்பப்பட்டவன், யாரும் கேட்காமலே அவ்வளவு அழகாக மடித்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கிடங்குக்காரன்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து தன் மேல் வந்தது.

"நீ சொன்னதை நான் கேட்கலடா."

"அனுப்பினேனே."

"அனுப்பின. நான்தான் கேட்கல. மெஷினைப் போட்டுக்கிட்டு, வேகமா ஓடவிட்டுக்கிட்டு... கேட்ட மாதிரி இருந்தேன்."

அவன் யோசித்தான். அவசரமே இல்லாமல் யோசித்தான். "கட்டைவிரல் போட்டிருந்தியே. அந்த வேலை வேணாம்னு நீதானே முன்னாடி சொல்லிட்டிருந்த? அதனால, போனது நல்லதுதான்னு சொல்றியாக்கும்னு நெனச்சேன். அப்புறம் அடுத்ததுக்கும் போட்ட. அதுக்கடுத்து... சாப்பிடப் பிடிக்கலன்னு சொன்னேன். அதுக்கும் போட்ட. அப்பதான், அக்கா கேட்கிறதில்ல போலன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சுமாடா அனுப்பிக்கிட்டிருந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காத்திருந்தாள். எவ்வளவோ நேரம் கழித்துச் சொன்னான். "யார்கிட்டயாவது சொல்லணுமில்லக்கா."

அவள் அந்தச் சுருண்ட படுக்கையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் டீ போடப் போனான்.

சில நாள் அங்கேயே தங்கிவிட்டாள். முதல் நாள் அவளுக்குச் சும்மா இருக்கவே தெரியவில்லை. திரையைத் திறந்தாள், தரையைத் தேய்த்தாள், பாத்திரத்தை விளக்கினாள், விளக்கியதையே மறுபடி விளக்கினாள். "அக்கா, உட்காரேன்" என்று அவன் சொல்ல வேண்டியதாயிற்று. உட்கார்ந்தாள். மறுநாள் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் வெளியே நடக்கச் சொன்னார். நடந்தார்கள். அவன் பேச்சில் முக்கியமான சங்கதி எல்லாம் இடைவெளிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நடக்கும்போது அவளுக்கு விளங்கியது. சின்ன வயசில் தெரிந்துதான் இருந்தது. நடுவில் மறந்துபோயிற்று.

"என்கூட வந்து இருடா" என்றாள்.

"உன் மாடியில அத்தனை வாய்க்கு நடுவுல எனக்குத் தூக்கம் வராது" என்றான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு மூட்டலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே அவளுக்குப் பெரிசாக இருந்தது.

இதற்கிடையில் அவசர டாக்டர் போன் மேல் போன். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா மட்டும், "வந்து செய்ங்க, பேஷன்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தபோது தாடைகள் அப்படி அப்படியே காத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மெழுகு, எல்லாவற்றுக்கும் சூளை என்று ஓட அவளிடம் தெம்பு இல்லை. கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை, தெம்பு இல்லை, அவ்வளவுதான். அதனால் கைக்கு எட்டிய ஒரு தாடையை எடுத்தாள். அதற்கு மட்டும் மெழுகைச் செதுக்கினாள். செதுக்கும்போது முன்பல்லின் ஓரத்தில் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு சின்னப் பொளிவு கண்ணில் பட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து அறுத்து வருகிற பொளிவு. தையல்காரர்! கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும், இருந்தாலும் பல்லால்தான் கடிப்பார். "உங்களைத்தான் சொல்றேன்" என்று அந்தத் தாடையிடம் வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பல்லைச் சாயங்காலத்துக்குள் முடித்தபோது கழுத்தும் வலிக்கவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கீழே இறங்கிப்போய் வீட்டுக்காரரோடு டீ குடித்தாள்.

அப்படியே பழக்கமாகிவிட்டது. ஒரு வாயை முடித்த பிறகுதான் அடுத்த வாய். மெழுகு செதுக்கும் நேரத்தில் மெஷின் கிடையாது. போன் மேசையில் கிடக்கும், அந்தப் பக்கம் தம்பி இருப்பான். பேசுவான், பேசாமலும் இருப்பான். சில நாள் குழாய்ச் சத்தம் கேட்கும், பாத்திரம் கழுவுகிறான் என்று தெரியும். சில நாள் மூச்சு மட்டும்தான். அந்த நாட்களில் அவளுக்கு மெழுகு கையில் ஓடாது. இருந்தாலும் போனை வைக்க மாட்டாள். ஆர்டர் குறைந்துபோனது வாஸ்தவம். டாக்டரம்மா ஒருமுறை, "இவ்வளவு தாமதமானா எப்படிங்க?" என்று கடிந்துகொண்டதும் வாஸ்தவம். ஆனால் போன பல் போன பல்தான், எதுவும் திரும்பி வரவில்லை. திருத்த நாள் என்று ஒன்று இருந்ததையே வீடு மறந்துபோயிற்று. கையை ஆட்டுகிறவன் இப்போதும் எங்கேயோ ஆட்டிக்கொண்டுதான் இருப்பான், ஆட்டட்டும்.

தம்பி தேறுகிறானா, அவளுக்குத் தெரியாது. ஒருநாள் நன்றாக இருப்பான், மறுநாள் பழைய கிணற்றுக்குள் போய்விடுவான். ஒருமுறை ஏமாந்தவள் இன்னொருமுறை பெருமை பேசத் துணிவாளா? வீட்டுக்காரர் கேட்டால், "இருக்கான்" என்று மட்டும் சொல்வாள்.

அன்று ஒரு மத்தியானம். ஒரு விசித்திரமான தாடை வந்திருந்தது, முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல சந்து. அவள் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாள். "டேய், இந்த ஆள் கண்டிப்பா விசிலடிக்கிறவன்டா. சும்மா இல்ல, தெருவே திரும்பிப் பார்க்கிற விசில். இந்தச் சந்தை அடைச்சிடுங்கன்னு எழுதியிருக்காங்க. அடைச்சா அவன் என்ன ஆவான்? நான் டாக்டரம்மாகிட்ட கேட்கத்தான் போறேன், ஏங்க, அவர் சம்மதிச்சுத்தான்..."

"அக்கா, வைக்கட்டுமா?"

"இருடா, இன்னும் சொல்லி முடிக்கல."

"இல்லக்கா, ஆள் வந்திருக்காங்க."

இழுக்காமல், நடுவில் நிறுத்தாமல் சொன்னான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ உள்ளே வந்து ஏதோ சொல்ல, இவன் சிரித்தான். போன் வழியாகத்தான் கேட்டாள், இருந்தாலும் அது அவன் சிரிப்புதான், அவளுக்குத் தெரியாதா!

"யாருடா?"

"அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

அவள் மெழுகுக் கத்தியைக் கையில் பிடித்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தட்டோடு மாடியேறி வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்னாச்சு? ஏன் இப்படி உட்கார்ந்திருக்க?"

"தம்பி போனை வெச்சுட்டான்ங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது, வாய் கொள்ளாமல் சிரிப்பு. "நான் பேசிக்கிட்டே இருக்கேன், பாதியில வெச்சுட்டான்!"